கெனென்சார் கையால் ஒரு கவளம்

காலை டீக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் மாமியார் புருல் அந்தப் பொட்டலத்தை எடுத்து விரிப்பின் நடுவில், ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் இடையில் வைத்தாள். பிளாஸ்டிக் தாளில் சுருட்டி நூலால் கட்டிய, கட்டைவிரல் பருமன் பொட்டலம். உள்ளே பச்சை நிறத்தில் நாஸ், புகையிலைத் தூள். உதட்டுக்கு அடியில் ஒரு சிட்டிகை அதக்கினால் தலை கிறுகிறுத்து, கொஞ்ச நேரம் உலகம் எட்டி நிற்கும். நாரின் நகரத்தை ஒட்டிய மலை ஊர்களில் பாதி ஆண்களின் சட்டைப் பையில் அது இருக்கும். இந்தப் பொட்டலம் இருந்ததோ மருமகள் சைகல் புழங்கும் மாவுப் பெட்டியில்.

"மாவு அள்ளப் போனேன். கையில தட்டுப்பட்டுச்சு," என்றாள் புருல், யார் முகத்தையும் பார்க்காமல்.

சைகல் வாசலை ஒட்டிய தன் இடத்தில், டீ கொதிக்கும் சமோவார் அருகே மண்டியிட்டு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். மரியாதை தெரிந்த மருமகள் அரைக் கிண்ணம்தான் ஊற்றுவாள். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பு என்று பொருள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அன்று கணவனின் கிண்ணம் விளிம்பைத் தொட்டு வழிந்தது.

எர்மெக் பொட்டலத்தைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். பேசுவதற்கு முன் தன் உதட்டடியில் இருந்த சிட்டிகையை விரலால் வழித்துக் காகிதத்தில் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. துடைத்துவிட்டுக் கேட்டான்: "பொம்பள வாயில நாஸா?"

அதே கடை, அதே நூல், அதே முடிச்சு. அவன் வாயில் இருந்தால் அது பழக்கம். அவள் வாயில் இருந்தால் வம்சத்துக்கே தலைகுனிவு. ஆறு வயது ஐபெரி ரொட்டி மெல்லுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சைகல் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாஸ் பற்றி மட்டும் சொல்லி நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அது ஆரம்பித்தது நாஸில் அல்ல. போன வருடம் பனி உருகும் சமயத்தில் ஏழு மாதத்தில் ஒரு பையன் பிறந்தான், மூச்சில்லாமல். எர்மெக்கின் பெரியப்பா கெனென்சார் அன்றே வந்துவிட்டார். எர்மெக்கின் அப்பா போன பிறகு அந்த வீட்டுக்கு நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்வதுதான். மூச்சு விடாத பிள்ளைக்கு ஒப்பாரி கிடையாது, அழுதால் அடுத்தது தங்காது என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அதனால் சைகல் அழவில்லை. மூன்றாம் நாள் சமோவார் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். துக்கப்பட எர்மெக்குக்கு மட்டும் அனுமதி இருந்தது. சனிக்கிழமைதோறும் நாலு பேரோடு வோட்கா குடித்துவிட்டு வந்து சுவரோரம் விழுந்து கிடந்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவன், பாவம், என்றது ஊர். அந்தப் பிள்ளையைச் சுமந்தவளைப் பற்றி ஊருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அதன் பிறகு சைகலுக்குள் ஏதோ அணைந்துபோயிற்று. காலையில் கண் திறக்கும்போதே அலுப்பு. பால் கறந்தாள், ரொட்டி சுட்டாள், மாமியார் கேட்டதற்குப் பதில் சொன்னாள். எல்லாவற்றையும் வேறு யாரோ செய்வதுபோல இருந்தது. சாப்பாட்டு வேளையில் ஊற்றவும் பரிமாறவுமே நேரம் சரியாகிவிடும். தன் முறை வரும்போது டீ ஆறியிருக்கும், பசியும் செத்திருக்கும். பிற்பகலில் வீடு ஓய்ந்ததும் சாமான் அறைக்குள் நுழைவாள். ரொட்டி, நெய், முந்தின நாள் கொழுப்பு என்று அகப்பட்டதையெல்லாம் நின்றபடியே, ருசி தெரியாமல் தின்பாள். தின்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் உள்ளே இருக்கும் வெறுமை ஓய்ந்திருக்கும். வயிறு வலித்து நிறுத்தியதும் தன்மேலேயே அருவருப்பு பொங்கும். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு வருவாள்.

பிறகு கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதை அடக்கத்தான் முதல் தடவை கணவனின் சட்டைப் பையிலிருந்து ஒரு சிட்டிகை நாஸ் எடுத்தாள். நடுக்கமும் அடங்கியது, பசியும் மழுங்கியது; இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கிறக்கம் இறங்கும்போது மனசு முன்னைவிடப் பள்ளத்தில் கிடந்தது. மறுநாள் மறுபடியும் சாமான் அறை.

ஒரு நாள் ஐபெரி கொட்டகைக்குப் பின்னாலேயே வந்து நின்றுவிட்டாள். என்னம்மா என்று கேட்டாள். வயிற்றில் வேண்டாதது சேர்ந்துவிட்டது, வெளியே போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி வாயைத் துடைத்துக்கொண்டாள் சைகல். பிள்ளை பெரிய மனுஷிபோல் தலையாட்டிவிட்டுப் போய்விட்டது.

புருலைக் கொடுமைக்கார மாமியார் என்று சொல்லிவிட்டால் இந்தக் கதையைச் சுலபமாக முடித்துவிடலாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. நெய்ச் சாடி குறைவதைப் பார்த்து முதலில் பூனையைத் திட்டினாள், பிறகு எலியைத் திட்டினாள், பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டாள். அவளிடமும் ஒரு புட்டி இருந்தது. இதயத்துக்கான துளிமருந்து, புதினா வாசம் அடிக்கும். தினம் மத்தியானம் ஒரு கிளாஸ் தண்ணீரில் அதை எண்ணி எண்ணி விடுவாள். எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே இருந்தது. அது தீர்ந்துபோன நாட்களில் அவள் கையில் ஊசிகூட நிற்காது. அதில் தூக்க மருந்து கலந்திருக்கிறது, இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஊர் மருத்துவ நிலையத்து நர்ஸ் ராக்கியா பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். மருந்துக் கடையில் விற்பது மருந்து, மளிகைக் கடையில் விற்பதுதான் போதை என்பது புருலின் கட்சி. ஆக, அந்த வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாக மனசை மரத்துப்போக வைத்துக்கொண்டிருந்தார்கள். பிடிபட்டது ஒருத்தி.

ராக்கியாவிடம் சைகல் ஏற்கெனவே ஒரு தடவை போயிருந்தாள், ஐபெரியின் இருமலைச் சாக்கு வைத்து. பிள்ளையின் நெஞ்சைச் சோதித்துவிட்டு, வெளியே விளையாட அனுப்பிவிட்டு, ராக்கியா இவளுடைய பற்களையும், தொண்டைக்குள் விட்டு விட்டு விரல் முட்டியில் ஏறியிருந்த காய்ப்பையும் பார்த்தாள். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டாள். சைகல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்தபோது ஜன்னலில் வெயில் இடம் மாறியிருந்தது.

"மூணு வியாதின்னு நெனச்சுப் பயப்படாத," என்றாள் ராக்கியா. "சோறும் நாஸும் மேல தெரியறது. அடியில கெடக்கறது அந்தத் துக்கம். அதுக்கு மருந்து இருக்கு, பேசறதுக்கு ஆள் இருக்கு. ஜில்லா ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரட்டுமா?"

எழுதினால் பேர் பட்டியலில் ஏறும். மனசு சரியில்லாதவர்கள் பட்டியல் ஒன்று, போதைக்காரர்கள் பட்டியல் ஒன்று. இப்போது காலம் மாறிவிட்டது, அந்தத் தாள் யார் கைக்கும் போகாது என்று ராக்கியா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். ஆனால் ஊர் இன்னும் பழைய காலத்திலேயே இருந்தது. அந்தப் பட்டியலில் ஏறிய பெண்ணின் மகளை யார் கட்டுவார்கள் என்று கேட்கிற ஊர். அடுத்த தடவை வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள் சைகல்.

பொட்டலம் அகப்பட்ட அன்றே புருல் கெனென்சாருக்குப் போன் செய்தாள். செய்யாமல் இருந்திருக்கலாம். பின்னால் தெரிந்தால் ஏன் மறைத்தாய் என்பாரே என்ற பயம் அவளை எண்ணை அழுத்த வைத்தது. கெனென்சார் சத்தம் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை குளிர்கால இறைச்சிக்குக் குதிரை வெட்டுகிறீர்கள் அல்லவா, சொந்தபந்தத்தோடு வருகிறேன், அங்கே முடித்துவிடலாம் என்றார். முடிப்பது எப்படி என்பதையும் அவரே சொன்னார். மருமகள் எல்லோர் முன்னிலையிலும் வந்து அவர் கையால் கவளம் வாங்கித் தின்ன வேண்டும். இனிமேல் நாஸைத் தொட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். வாங்கினால் பழசெல்லாம் மறந்தாயிற்று. வாங்காவிட்டால் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியது. பிள்ளை இங்கேயே இருக்கும், அது இந்த வம்சத்து ரத்தம்.

சைகலுக்கு இதைச் சொன்னது எர்மெக். ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான். ஒரு வாய்தானே, முழுங்கிட்டுப் போயேன் என்றான். அவள் சரி என்றாள். ஐபெரிக்காகக் கல்லை விழுங்கச் சொன்னாலும் விழுங்குவாள். கொழுப்புக் கவளம் எம்மாத்திரம். அதன் பிறகு எங்கே போய் என்ன செய்வது என்பதும் அவளுக்குத் தெரிந்ததுதானே. சண்டையில்லாமல் எல்லாம் முடிந்துவிடும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

ஞாயிறு மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. வாசலுக்கு எதிரே மேல்வரிசையில் கெனென்சார், இரண்டு பக்கமும் வயதுப்படி ஆண்கள், கீழே பெண்கள். யார் யாருக்கு எந்த எலும்பு என்பது பிறப்பிலேயே எழுதியதுபோல, இடுப்பெலும்பு பெரியவருக்கு, மற்றது மற்றவருக்கு என்று தட்டுகள் போயின. சைகல் காலையிலிருந்து கொப்பரைக்கும் சமோவாருக்கும் நடந்துகொண்டிருந்தாள். குதிரைக் கொழுப்பு வெந்த வாசம் அவள் தலைமுடியில்கூட ஏறியிருந்தது. வெறும் வயிறு. நாஸ் நிறுத்தி நான்கு நாள். கண்ணுக்குப் பின்னால் வலி குத்திக்கொண்டிருந்தது.

எல்லோரும் தின்று முடித்து, தட்டில் மாவுத் துண்டும் இறைச்சித் துணுக்கும் மிச்சமிருந்தபோது கெனென்சார் சட்டைக் கையை மேலே ஏற்றினார். ஐந்து விரலாலும் அள்ளி, கொழுப்பும் இறைச்சியும் வெளியே பிதுங்க ஒரு பிடி பிடித்தார். பெரியவர் கையால் இப்படி வாயில் வாங்குவது சின்னவர்களுக்குக் கிடைக்கும் கௌரவம். வேண்டாம் என்ற சொல் அதற்குக் கிடையாது.

"வாம்மா மருமகளே. காத்தடிச்சா பறந்துருவ போல இருக்க. வாயத் தொற."

சைகல் மண்டியிட்டு வாயைத் திறந்தாள். அவர் கட்டைவிரல் பல்வரைக்கும் வந்து உள்ளே தள்ளியது. மூச்சு முட்டியது. கண்ணில் நீர் கோத்தது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, இந்த மருமகளுக்கு இன்னொரு குதிரை வெட்டணும் போலிருக்கே என்று கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். அவள் மென்றாள், விழுங்கினாள். இனிமேல் தொட மாட்டேன் மாமா என்று சொல்லிக் குனிந்து வணங்கினாள்.

கெனென்சாருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, அம்புட்டுதான் விஷயம். மனசு சரியில்ல, வியாதின்னு இப்ப என்னென்னமோ சொல்றாளுக. வயித்துல நாலு கவளம் எறங்குனா எல்லா வியாதியும் ஓடிப்போவும்," என்றார். எர்மெக் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். புருல் பெருமூச்சு விட்டாள். முடிந்தது. பிள்ளை அம்மாவிடமே இருக்கும். சைகல் மெல்ல எழுந்தாள். வாசல்வரை எத்தனை எட்டு என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள், அங்கிருந்து கொட்டகை அதிக தூரமில்லை.

பெரியவர் நல்ல குஷியில் இருந்தார். அடுத்தது நீ வா கண்ணு என்று ஐபெரியை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். பிள்ளை அதற்குள் இரண்டு பந்தியில் தின்றிருந்தது. வயிறு கவுனுக்குள் உருண்டு தெரிந்தது. ஆனாலும் பெரியவர் கை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தது. அவர் அடைத்தார். கன்னம் இரண்டும் உப்பி, மூக்கால் மூச்சு விட்டு, குமட்டிக் குமட்டிப் பிள்ளை அதை விழுங்கி முடித்தது. எல்லோரும் ஆகா என்றார்கள்.

ஐபெரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. ஒரு வேலையைப் பற்றிக் கேட்பவள்போல, நிதானமாகக் கேட்டாள்.

"அம்மா, நான் கொட்டகைக்குப் பின்னாடி போயிட்டு வரட்டா?"

விருந்தாளிகள் ஒன்றும் புரியாமல் சிரித்தார்கள். புருல் சிரிக்கவில்லை, கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சைகலுக்கு அந்தக் கேள்வி புரிந்தது. ஒன்றரை வருடமாக எதையும் உணராமல் கிடந்த மனசில் முதன்முதலாக வந்தது பயம். தன்னைப் பற்றிய பயமில்லை. பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராமலே, பார்த்துப் பார்த்தே, வேண்டாம் என்று சொல்லாமல் வாயைத் திறக்கவும், பிறகு ஒளிந்து போய் வெளியே தள்ளவும் கற்றுக்கொண்டுவிட்டது.

"ஒண்ணு பத்தாது. இன்னொரு வாய் வாங்கிக்க," என்று கெனென்சார் அடுத்த பிடியை அள்ளிவிட்டார். கை பிள்ளையின் வாய்க்குப் போகிற வழியில் சைகல் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வீட்டில் எந்த மருமகளும் எந்தப் பெரியவர் கையையும் அப்படிப் பிடித்ததில்லை.

"பசிக்குதான்னு மொதல்ல அவகிட்ட கேளுங்க, மாமா."

குரல் உயரவில்லை. அதனாலேயே மேல்வரிசைவரை கேட்டது.

"கைய எடு," என்றார் கெனென்சார்.

"எடுக்கறேன். நீங்க குடுத்த கவளத்த நான் தின்னது நெசமில்ல, மாமா. அது இன்னும் கொஞ்ச நேரத்துல கொட்டகைக்குப் பின்னாடிதான் போயிருக்கும். தெனமும் அங்கதான் போகுது. அப்புறம் வர்ற நடுக்கம் அடங்கத்தான் நாஸ். என் புள்ளைக்கு அழக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அதுலேர்ந்து இப்படித்தான். இவளுக்கும் அது வரணுமா?"

எர்மெக் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவன் காது சிவந்திருந்தது. ஏதாவது சொல்வான் என்று சைகல் ஒரு கணம் பார்த்தாள். அவன் முழங்காலை மடக்கி வழிவிட்டு உட்கார்ந்தான், அவனால் முடிந்தது அவ்வளவுதான். கெனென்சார், பெரியவன் கையைத் தட்டுகிறவளுக்கு இந்த வீட்டில் இனி இடமில்லை, இப்போதே கிளம்பட்டும் என்றார். பிள்ளை இங்கே இருக்கும், புருல், பிள்ளையைப் பிடி என்றார்.

எல்லோரும் புருலைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். விருந்து அமளியில் அன்று மத்தியான மருந்தை விட்டிருந்தாள், கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆணியில் தொங்கிய சின்னக் கோட்டை எடுத்தாள். பிள்ளையை அருகில் இழுத்து, ஒரு கையை நுழைத்து, மறு கையை நுழைத்து, ஒவ்வொரு பித்தானாகப் போட்டாள். நடுங்கும் விரலுக்கு அது சுலபமாக இல்லை. கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிப் பித்தானையும் போட்டு முடித்துப் பிள்ளையின் கையை மருமகள் கையில் வைத்தாள்.

"நேரா ராக்கியா வீட்டுக்குப் போ," என்றாள். "பேர எழுதச் சொல்லு. என் பேரையும் சேத்து எழுதச் சொல்லு."

சைகல் மாமியாரைப் பார்த்தாள். குனிந்து வணங்க மறந்துவிட்டது. தாயும் மகளும் வெளியே போனார்கள். முற்றத்தில் மிதிபடும் பனியின் சத்தம் கொஞ்ச தூரம்வரை கேட்டது. அது கொட்டகைப் பக்கம் திரும்பாமல் தெருவுக்குப் போனது.

புருல் வாசலோரம், மருமகளின் இடத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்து சமோவாரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கெனென்சாரின் கையில் இன்னும் அந்தப் பிடி இருந்தது. கொழுப்பு முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டில் திரும்பப் போடுவது பெரியவருக்கு அழகில்லை. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். சின்னப் பையன்கள் எல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். பெரிய பிடி, வயிறும் ஏற்கெனவே நிறைந்திருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அதை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.